டகாரா மக்களின் அன்றாட வாழ்வும் சமயமும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி
வழக்காறு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை வகுப்பில் மேற்கு ஆப்பிரிக்காவின் டகாரா மக்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும். தேடினால் இரண்டு விதமாகத்தான் கிடைக்கிறது. ஒரு பக்கம், தீ, நீர், மண், கனிமம், இயற்கை என்று ஐந்தை வட்டமாக வரைந்து "இதுதான் டகாரா ஞானம்" என்கிறார்கள். இன்னொரு பக்கம் 1950களின் மானிடவியல் எழுத்து. அதில் வம்ச அட்டவணைகளுக்குள் மனிதர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு டகாரா குடும்பம் எதைப் பயிரிடுகிறது, என்ன சாப்பிடுகிறது, யாருக்குப் படைக்கிறது, சாவு விழுந்தால் என்ன செய்கிறது என்று சொல்ல முடிந்தால் போதும். நிறையப் பேர் கத்தோலிக்கர்கள் என்றும் படித்தேன். அப்படியானால் மூதாதையர் வழிபாடு இன்னும் இருக்கிறதா? சோள பீர் எல்லாச் சடங்கிலும் வருகிறதே, அதை எப்படிக் காய்ச்சுகிறார்கள்?


பதில்
கருவோல்டா

முதலில் வரைபடம். கானாவின் வடமேற்கு மூலையில் லாவ்ரா, நண்டொம், ஜிராப்பா. எல்லைக்கு அந்தப் பக்கம் புர்க்கினா பாசோவில் டிஸ்ஸின், டானோ, டியெபூகூ. இடையில் கருப்பு வோல்டா ஆறு. 1898ல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, அந்த ஆற்றையும் 11ஆம் வடக்கு அட்சக்கோட்டையும் எல்லையாக்கின. ஒரே குலத்தின் வீடுகள் இரண்டு நாட்டில் விழுந்தன. சந்தைக்கும் சாவுக்கும் மக்கள் இன்றும் கடந்துதான் போகிறார்கள்.

மழைக்காலம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. செஞ்சோளம், கம்பு, மக்காச்சோளம், நிலக்கடலை, தட்டைப்பயறு ஆகியவை முக்கியம். ஜூன், ஜூலைதான் கடினமான மாதங்கள். குதிர் ஏறக்குறைய காலியாக இருக்கும், அதே நேரத்தில் களையெடுப்பு உச்சத்தில் இருக்கும். அறுவடை முடிந்ததும் இளைஞர்கள் தெற்கே கூலிக்குப் போவார்கள். காலனிக் காலத்தில் ஒபுவாசி, தார்க்வா தங்கச் சுரங்கங்களில் இவர்கள் உழைப்பு நிறைய இருந்தது.

வீடு என்றால் தனிக்குடித்தனம் என்று நினைக்காதீர்கள். மண்சுவரும் தட்டைக் கூரையும் உள்ள பெரிய வளாகம். அண்ணன் தம்பிகள், அவரவர் மனைவி மக்கள், ஆடு மாடு எல்லாம் ஒரே சுற்றுக்குள். படி வெட்டிய மரத்துண்டைச் சாய்த்து வைத்துக் கூரைக்கு ஏறுவார்கள். தானியம் காயப்போடுவதும் வெயில் காலத்தில் படுப்பதும் அங்கேதான். அடிமைப் பிடிப்பு நடந்த நாட்களில் வீட்டுக்குள் போகும் வழியே கூரை வழியாக இருந்தது; ஏணியை மேலே இழுத்துவிட்டால் வீடு கோட்டை.

இனி சமயம். படைத்த கடவுளின் பெயர் நாங்மின். அவருக்குப் பலிமேடை கிடையாது, பூசாரி கிடையாது. அவர் பெயரைச் சொல்வார்கள், ஆனால் தினப்படி கொடுக்கல் வாங்கல் அவரோடு இல்லை. அது வேறு நால்வரோடு: மண்ணான தெங்கன், மழையான சா, மூதாதையரான க்பீன், காட்டில் வாழும் சிறு உருவங்களான கொந்தொமே.

இதில் தெங்கனைத்தான் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தெங்கனுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் ஒரு பலியிடம் இருக்கும், பெரும்பாலும் ஒரு மரத்தடியும் சில கற்களும். அதைப் பார்த்துக்கொள்பவர் தெங்கன்சோப், அதாவது மண்ணுக்குரியவர். அவரை அரசர் என்று எழுதிவிடாதீர்கள். டகாரா மக்களிடம் தலைவர் பதவி பிரிட்டிஷ், பிரெஞ்சு நிர்வாகம் கொண்டுவந்து வைத்தது. தெங்கன்சோப் அதற்கு முந்தியவர், அவர் வேலையும் வேறு. புதிய இடத்தில் வீடு கட்டவும் நிலம் எடுக்கவும் அவர் வழியாகத்தான் மண்ணிடம் கேட்க வேண்டும். அந்த எல்லைக்குள் சண்டையில் மனித ரத்தம் சிந்தினால் மண் கெட்டுவிட்டது என்று பொருள். தற்கொலையும் அப்படியே. பலி கொடுத்துச் சரிசெய்யாமல் விட்டால் அதன் பலன் குற்றவாளியோடு நிற்காது, அந்த மண்ணில் விதைக்கும் எல்லோரையும் தொடும் என்பது நம்பிக்கை. அதனால் பகையாளிகள்கூடச் சேர்ந்து வந்து பலிக்கு நிற்க வேண்டியிருக்கிறது. உரிமையாளர் தெரியாமல் திரியும் ஆடு மாடும் தெங்கன்சோப்பிடம்தான் போய்ச் சேரும்.

குடிபெயரும்போது பழைய பலியிடத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய்ப் புது ஊரில் வைப்பது வழக்கம். நிலத் தகராறு வந்தால் "அந்தக் கல் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள்" என்பதே முதல் வாதம். இப்போது நடக்கும் நில வழக்குகளிலும் இந்தக் கதைகள்தான் எதிரெதிராக நிற்கின்றன.

மழைக்கும் தனிப் பலியிடம் உண்டு. நிலத்தை உழும்போது கிடைக்கும் புதிய கற்காலக் கோடரிகளை மழையின் கோடரி என்று சொல்லி, இடியோடு வந்து விழுந்தவையாகக் கருதி, அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

ஐந்து சக்தி வட்டத்தைப் பற்றி: அது புர்க்கினா பாசோவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற மாலிடோமா சோமே (1956–2021) தம் எழுத்திலும் பயிலரங்குகளிலும் பரப்பிய வடிவம். அவருடைய போதனை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், தவறில்லை. அதையே கிராம வழக்கமாகக் காட்டினால்தான் தவறு. கிராமத்தில் யாருக்கு எந்தக் கடன் இருக்கிறது, எந்தக் கோழியை எங்கே அறுப்பது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்பவர் குறிகாரர். தோல் பையிலிருந்து சோழி, எலும்பு, சிறு பொருட்களைக் கொட்டுவார். கேட்க வந்தவரும் அவரும் ஒரே கோலைச் சேர்ந்து பிடித்துக்கொள்ள, கோல் எந்தப் பொருளைத் தொடுகிறதோ அதை வைத்துக் காரணம் பிடிபடும். பல பேச்சு மூதாதையர் ஒருவருக்குச் சொன்ன சொல்லை நிறைவேற்றவில்லை என்பதில் போய் முடியும்.


பதில்
செஞ்சோளம்

சாப்பாட்டையும் பீரையும் நான் சொல்கிறேன்.

அன்றாட உணவு ஸாப் என்ற கெட்டிக் களி. கொதிக்கும் நீரில் முதலில் கொஞ்சம் மாவைக் கரைத்துக் கஞ்சியாக்கி, பிறகு மாவைச் சிறிது சிறிதாகத் தூவி மரத்துடுப்பால் பலமாகக் கிண்ட வேண்டும். மாவை ஒரே தடவையில் கொட்டினால் உள்ளே வேகாத கட்டி நிற்கும். தொட்டுக்கொள்ள வெண்டைக்காய், தட்டைப்பயற்று இலை, புளிச்சை இலை, பெருக்க மர இலை எதையாவது போட்ட வழுவழுப்பான குழம்பு. கொழுப்புக்கு ஷியா வெண்ணெய், மணத்துக்குப் புளிக்கவைத்த டவடவா மர விதை. ஷியா மரத்தை வயலிலேயே விட்டுவைப்பார்கள், வெட்டமாட்டார்கள். மழைக்காலத் தொடக்கத்தில் உதிரும் பழத்தைப் பொறுக்குவதும் கொட்டையை வெண்ணெயாக்குவதும் பெண்கள் வேலை, அந்தக் காசும் பெரும்பாலும் அவர்களுடையது.

இப்போது பீர். கானா முழுக்கப் பீட்டோ என்பார்கள், டகாராவில் டா. காய்ச்சுவது பெண்கள்.

செஞ்சோளத்தைக் கழுவி ஒரு பகல் ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து, இலையோ ஈரச் சாக்கோ போட்டு மூடி 2 முதல் 3 நாள் முளைக்க விடுவார்கள். இடையிடையே நீர் தெளித்துப் புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். முளையை நீளமாக வளரவிட்டால் தானியத்தின் மாவுச்சத்தை முளையே தின்றுவிடும், பீர் நீர்த்துப் போகும். முளைத்ததைக் கூரைமேல் 2, 3 நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். மழைக்காலத்தில் இந்தக் கட்டம்தான் தொல்லை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் உலர்ந்த முளைதானியத்தை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வார்கள்.

காய்ந்ததைக் கொரகொரப்பாக அரைத்து நீரில் கரைத்து, வெண்டைத் தண்டின் அல்லது அதுபோன்ற மரப்பட்டையின் கொழகொழப்பைச் சேர்ப்பார்கள். அது திப்பியை இழுத்துக்கொண்டு அடியில் படியும். மேலே நிற்கும் தெளிவை முதலில் எடுத்துத் தனியே வைப்பார்கள். அடிக் குழம்பை மட்டும் கொதிக்கவைத்து, பிறகு தெளிவோடு சேர்ப்பார்கள். இந்த வரிசை வேண்டாத வேலை இல்லை. மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் அந்தத் தெளிவில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்த எடுப்பில் கொதிக்கவைத்தால் அவை செத்துவிடும், எவ்வளவு நேரம் வைத்தாலும் இனிப்பு ஏறாது.

கலந்ததை இரவெல்லாம் விட்டால் லேசாகப் புளிக்கும். மறுநாள் வடிகட்டிப் பெரிய பானைகளில் பல மணி நேரம் காய்ச்சுவார்கள். இதற்கு விறகு ஏராளமாகப் போகும். பீட்டோ காய்ச்சும் ஊர்களைச் சுற்றி மரம் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காய்ச்சிய சாறு இனிப்பாக இருக்கும், அந்த நிலையில் குழந்தைகளும் குடிப்பார்கள். அது ஆறி உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் போன முறையின் அடிமண்டியைச் சேர்க்க வேண்டும். சூடாக இருக்கும்போதே போட்டால் ஈஸ்ட் இறந்து, பீர் கெட்டுப்போகும். மாலையில் சேர்த்தால் காலையில் நுரை தள்ளித் தயாராக இருக்கும். போதை 2 முதல் 4 விழுக்காடுதான். மறுநாள் மாலைக்குள் குடித்துத் தீர்க்க வேண்டும், அதன்பின் காடியாகிவிடும். திப்பி பன்றிக்குப் போகும்.

இதைச் சமயத்தோடு சேர்த்துப் பாருங்கள். பீர் இல்லாமல் மூதாதையருக்குப் படைப்பதில்லை. முளைதானியம் கையிருப்பில் இருந்தால்கூடப் பீர் தயாராக 3 நாள் ஆகும், இல்லாவிட்டால் ஒரு வாரத்துக்கு மேல். ஆகவே எந்தச் சடங்கையும் ஊறவைக்கும் நாளிலிருந்து எண்ணித்தான் வைக்க முடியும். சந்தையும் அங்கே 6 நாள் சுற்று. பக்கத்து ஊர்களின் சந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், அந்த நாளுக்குத் தயாராகும்படிதான் விற்கிறவர்கள் பானை ஏற்றுவார்கள். சடங்குக்கு நாள் குறிக்கும் குடும்பத் தலைவர் முதலில் கேட்க வேண்டியது காய்ச்சும் பெண்களைத்தான்.

அவசரத்துக்குப் பீர் இல்லையென்றால் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். வந்த விருந்தாளிக்கு முதலில் நீட்டுவதும் அதே மாவுத் தண்ணீர்தான்.


பின்னூட்டம்
வழக்காறு_மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. சாவுச் சடங்கு பற்றி யாராவது எழுத முடியுமா? உடலை உட்காரவைப்பதாகப் படித்தேன், அது ஏன் என்று எங்கும் தெளிவாக இல்லை.


பதில்
சுரைக்குடுக்கை

உங்கள் ஒரு மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம், அவ்வளவு இருக்கிறது.

சாவை ஊருக்குச் சொல்வது ஜீல் என்ற மரத்தாளம். இதைச் சைலோஃபோன் என்று எழுதுவதால் அதன் அமைப்பு தெரியாமல் போகிறது. 14 முதல் 18 வரை மரப்பலகைகள், சட்டத்தில் தோல்வாரால் கட்டியவை. கெட்டியான மரத்தைத் தீயருகே நன்றாக உலர்த்தியே பலகை செய்வார்கள், ஈரம் மிஞ்சினால் சுருதி நிற்காது. ஒவ்வொரு பலகைக்கும் கீழே அளவுக்கேற்ற சுரைக்குடுக்கை. குடுக்கையில் துளை போட்டு, அதன்மேல் சிலந்தி முட்டைக்கூட்டின் மெல்லிய படலத்தை ஒட்டுவார்கள். ஜீலின் ரீங்காரம் அதிலிருந்துதான் வருகிறது. படலம் கிழிந்தால் ஒலி மொட்டையாகிவிடும். இப்போது மெல்லிய காகிதமோ பிளாஸ்டிக்கோ ஒட்டுகிறவர்களும் உண்டு. சுருதி ஐந்து சுரம்.

சாவில் இரண்டு ஜீல் சேர்ந்து ஒலிக்கும். கூடவே சுரைக்குடுக்கையில் உடும்புத் தோல் கட்டிய குவோர் முழவு. வாசிக்கும் முறையிலிருந்தே இறந்தவர் ஆணா பெண்ணா என்பது தூரத்தில் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். ஆணுக்கு 3, பெண்ணுக்கு 4 என்ற எண் சடங்கு முழுக்கத் தொடர்ந்து வரும்.

உடலைக் குளிப்பாட்டி, ஷியா வெண்ணெய் பூசி, நல்ல துணி உடுத்தி, வீட்டுக்கு வெளியே கட்டிய பாலா என்ற உயரமான மரச்சட்டத்தில் உட்காரவைப்பார்கள். இறந்தவர் தம் சாவுக்குத் தாமே தலைமை ஏற்று வந்தவர்களைப் பார்க்கிறார் என்ற நிலை அது. அவர் பயன்படுத்திய பொருட்களைச் சட்டத்தின் அருகே வைப்பார்கள், ஓர் உழவருக்கு மண்வெட்டி, வேட்டைக்காரருக்கு வில். பாட்டுக்காரர் ஜீலோடு இழைத்து அவர் வம்சத்தையும் செயல்களையும் அப்போதே கட்டிப் பாடுவார். கூட்டம் முன்னால் ஓடிவந்து சோழியோ காசோ வீசிவிட்டுத் திரும்பும்.

இதில் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று, துக்கக்காரர்களைக் கட்டுவது. மானிடவியலாளர் ஜாக் கூடி 1950 வாக்கில் பிரிஃபு ஊரில் தங்கி, 1962ல் வெளியிட்ட நூலில் இதைத் துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆண் இறந்தால் அவருடைய பெற்றோரையும் மனைவியையும் தோல்வாரால் கட்டுவார்கள். உடன்பிறந்தவர்களுக்கு நார்க்கயிறு. பிள்ளைகளுக்குக் கணுக்காலில் ஒரு நூல் மட்டும். கயிற்றின் மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டு, துக்கத்தில் தலைதெறிக்க ஓடுபவரையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ள முயல்பவரையும் இழுத்து நிறுத்துவார். யாருக்கு எவ்வளவு வலிக்கும் என்று ஊர் எதிர்பார்க்கிறதோ அது கட்டின் பலத்தில் தெரிகிறது. மகன் தகப்பனுக்காக அழுவதைவிட, தகப்பன் மகனுக்காக அழுவதுதான் அடக்க முடியாதது என்பது அவர்கள் கணக்கு. துக்கத்தை வீட்டுக்குள் அடைக்காமல், வெளியே ஓடவும் விட்டு, பிடித்துக்கொள்ள ஆளையும் நிறுத்துகிறார்கள். இவ்வளவு கரிசனத்தோடு அமைந்த சடங்குகள் உலகில் குறைவு என்பது என் கருத்து.

குழி வாய் குறுகி உள்ளே அகன்றிருக்கும். அதற்கென்று பயின்ற குழிவெட்டிகள்தான் உள்ளே இறங்கலாம். ஆணைக் கிழக்கு பார்த்துக் கிடத்துவார்கள், சூரியன் எழுவதைக் கண்டு வயலுக்குக் கிளம்ப. பெண்ணை மேற்கு பார்த்து, பொழுது சாய்வதைக் கண்டு இரவுச் சமையலைத் தொடங்க.

புதைத்ததும் மூதாதையர் ஆகிவிட முடியாது. அடுத்தடுத்த பீர்ச் சடங்குகள் முடிய மாதக்கணக்கில் ஆகும். கடைசியில் பிள்ளை பெற்ற ஆணுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, வீட்டின் மூதாதையர் இடத்தில் மற்றக் கட்டைகளோடு வைப்பார்கள். இனி அவருக்குப் பீரும் கோழியும் அங்கே கிடைக்கும். அவை வெறும் கவைக்கட்டைகள் போலத்தான் தெரியும். அருங்காட்சியகச் சிற்பம் போல எதிர்பார்க்காதீர்கள்.


பதில்
மணிக்கூண்டு

கத்தோலிக்கம் பற்றி. வெள்ளை அங்கிப் பாதிரியார்கள் எனப்படும் ஆப்பிரிக்க மறைபோதகர் சபையினர் 1929ல் ஜிராப்பாவில் நிலையம் தொடங்கினார்கள். ரெமிஜியஸ் மக்காய் என்ற கனடாக்காரர் தலைமை. மருந்து கொடுத்தது முதலில் ஆட்களைக் கொண்டுவந்தது. பெருந்திருப்பம் 1932ல். மழை பொய்த்த ஜூலை மாதத்தில் ஊர் ஊராகத் தூதுக்குழுக்கள் வந்து கேட்க, பலியிடங்களை விட்டுவிட்டுக் கடவுளிடம் மன்றாடச் சொன்னார் பாதிரியார். அவர்கள் ஊர்களில் மழை பெய்தது என்ற செய்தி பரவியது. பிரெஞ்சுப் பகுதியிலிருந்தும் கூட்டம் நடந்து வந்தது. அப்படி வந்தவர்களுக்கு உடனே திருமுழுக்கு கிடைக்கவில்லை, சபையின் விதிப்படி 4 ஆண்டு ஞானோபதேசம் படிக்க வேண்டும்.

பழைய நம்பிக்கையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். மழைக்குப் பலியிடம் வைத்திருந்த மக்கள், மழை கொடுக்கும் வழி ஒன்றைத் தேடி வந்தார்கள். அதுவரை பலிமேடை இல்லாத நாங்மினுக்கு இப்போது கோவிலும் குருவும் கிடைத்தார்கள். அதே பெயரில்தான் திருப்பலியில் கடவுளை அழைக்கிறார்கள்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடி வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு ஜீல் திருப்பலிக்குள் வந்தது. பீட்டர் பொரெக்கு டெரி (1918–2008), 1951ல் குருவானவர், 1960ல் கானாவின் 'வா' நகர மறைமாவட்ட ஆயர், 2006ல் கர்தினால். உள்ளூர் இசையையும் சடங்கையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரிது. இன்று ஒரு கத்தோலிக்கர் சாவில் ஜீலும் உண்டு, பாட்டும் உண்டு, காசு வீசுவதும் உண்டு. கட்டை செதுக்கி வைப்பது இராது, இறந்தோருக்கான திருப்பலி இருக்கும். ஆனால் ஒரே வீட்டில் அண்ணன் கத்தோலிக்கர், சித்தப்பா பழைய வழி என்று இருக்கும்போது யார் எதுவரை கலந்துகொள்வது என்பதைப் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அதிகம் இடிப்பது பாக்ர் என்ற தீட்சையில். பல வாரங்கள் நீளும் அந்தச் சடங்கில் விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள், நெடும்பாடல் ஓதுவார்கள். உழவும் வீடு கட்டுவதும் பீர் காய்ச்சுவதும் மனிதனுக்கு எப்படி வந்தன என்று சொல்லும் பாடல் அது. ஓதுபவருக்கு ஓதுபவர் வெகுவாக மாறும். எனவே ஒரு பதிவை வைத்து "இதுவே டகாரா வேதம்" என்று சொல்லிவிடாதீர்கள்.

வகுப்பில் விழாவைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு: லாவ்ராவில் அக்டோபர் தொடக்கத்தில் கோபினே, நண்டொமில் நவம்பர் இறுதியில் ககூபே. இரண்டுமே அறுவடை நன்றி விழாக்கள்.


பின்னூட்டம்
வழக்காறு_மாணவி

கடைசியாக ஒன்று. புர்க்கினா பாசோ பக்கம் சோமே, சோம்டா, டபிரே, ஹியென், மேடா என்று ஒருசில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கானா பக்கம் அப்படி இல்லையே, ஏன்?


பதில்
கருவோல்டா

அவை தாய்வழிக் குலப் பெயர்கள். ஒவ்வொரு டகாராவுக்கும் இரண்டு குலம். வீடு, நிலம், மூதாதையர் கட்டை எல்லாம் தகப்பன் வழி. இன்னொரு குலம் தாயிடமிருந்து வரும், அது ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும். பிரெஞ்சு நிர்வாகப் பதிவேட்டில் தாய்வழிப் பெயரே குடும்பப் பெயராக ஏறிவிட்டது. கானாவில் கிறித்தவப் பெயரோடு அவரவருக்கு இட்ட பெயரோ தகப்பன் பெயரோ சேர்ந்தது, டெரி என்பது போல.

சொத்தும் இதன்படி பிரிவது உண்டு. சில ஊர்களில் எல்லாமே தகப்பன் வழி. வேறு சில ஊர்களில் நிலமும் வீடும் மகனுக்கு, ஆனால் மாடு, சோழி, குதிரில் உள்ள தானியம் போன்ற அசையும் சொத்து சகோதரி மகனுக்கு. ஜாக் கூடி தம் ஆய்வில் இந்த இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டதே, சாவுச் சடங்கில் சாவுக்குக் காரணம் என்று யார் யாரைச் சந்தேகிக்கிறார்கள் என்பது இதோடு மாறுகிறதா என்று பார்க்கத்தான்.

ஒரு நடைமுறை எச்சரிக்கை: புர்க்கினா பாசோ பக்கம் ஒரு தகப்பனுக்கு இரண்டு மனைவியர் இருந்தால் அண்ணன் சோமே, தம்பி டபிரே என்று இருக்கலாம். தகப்பனின் குடும்பப் பெயர் மூன்றாவதாக இருக்கலாம். வம்ச வரைபடம் போடுவதாக இருந்தால் பெயர்களை வைத்துக் கோடு இழுக்காமல், எந்த வீட்டின் மூதாதையர் கட்டைக்கு யார் பீர் ஊற்றுகிறார்கள் என்று பார்த்து இழுங்கள்.